என் பர்தாவுக்குள் இன்னொரு தலை

நான் தலையாட்டினேனாம். நாகூர் மீராள் என்பவள் மருந்துக்கடை வேலைக்குப் போகலாம், அங்கே முகத்தைத் திறந்துகொண்டே நிற்கலாம் என்று ஷேர் ஆட்டோவில் வைத்துச் சம்மதம் கொடுத்தேனாம். எங்கள் தெரு முழுக்க அதுதான் பேச்சு. நான் அந்த ஆட்டோவில் ஏறவே இல்லை. ஆடியது என் பர்தாவுக்குள் இருந்த வேறொருத்தியின் தலை. இதை வெளியே சொன்னால் மீராளின் வேலை போகும். சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி. இப்படி ஒரு இக்கட்டில் எந்த ஆலிமாவும் மாட்டியிருக்க மாட்டாள்.

என் பெயர் ஜைத்தூன். பிறந்தது கடையநல்லூர், வாழ்க்கைப்பட்டது சங்கரன்கோவில். மார்க்கக் கல்வி படித்து ஆலிமா பட்டம் வாங்கியவள் என்பதால், வெள்ளிக்கிழமைதோறும் சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து எங்கள் வீட்டு மாடியில் பெண்களுக்கு பயான், அதாவது மார்க்கச் சொற்பொழிவு, செய்கிறேன். அரை மணி நேரம் என்று சொல்லித்தான் ஆரம்பிப்பேன். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னால்தான் எனக்கு வாய் மூடும் என்று என் வீட்டுக்காரர் பாதுஷா சொல்வார். கீழே செருப்புக்கடை வைத்திருக்கிற அவருக்கு, மேலே நான் பேசுவதெல்லாம் வாரம் தவறாமல் காதில் விழும். பாவம், கடையைப் பூட்டிவிட்டு எங்கே போவார்?

போன பயானில் கல் பதித்த பர்தாக்களைப் பிடிபிடியென்று பிடித்தேன். பர்தா என்பது பார்வையைத் திருப்பிவிடத்தானே தவிர இழுப்பதற்கு இல்லை. இப்போது வருகிற பர்தாக்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. மணிக்கட்டில் கல், விளிம்பில் லேஸ், பாவாடை மாதிரி சுற்றளவு. "ஒருத்தி முதுகுல பட்டாம்பூச்சி பறக்குது. அது பின்னாலயே ஊருக் கண்ணும் பறக்குது. இதுக்கு பர்தான்னு பேரா?" என்று கேட்டேன். யாரைச் சொல்கிறேன் என்று எல்லோருக்கும் தெரியும். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ரிஸ்மியா தலையைக் குனிந்துகொண்டாள். ஷார்ஜாவிலிருந்து புருஷன் கொடுத்தனுப்பிய பர்தா, அவளுக்கு அது கல்யாணப் பட்டுக்குச் சமானம். எனக்கு அது தெரியும். தெரிந்தும்தான் பேசினேன், அப்படி ஒரு வாய் எனக்கு.

நாகூர் மீராளின் கதை வேறு. மருந்தாளுநர் படிப்பு முடித்தவள். கல்யாணமாகி ஐந்து வருஷமாக அந்தப் படிப்பு பீரோவுக்குள் கிடக்கிறது. ராஜபாளையம் ரோட்டில் ஜெஸ்லின் என்கிற அம்மா நடத்தும் மருந்துக்கடையில் வேலைக்கு ஆள் தேவைப்பட்டது. தலையை மூடிக்கொள், எவ்வளவு தளர்வாக வேண்டுமானாலும் உடுத்திக்கொள், முகம் மட்டும் தெரியட்டும் என்றாராம் அந்த அம்மா. காது மந்தமான பெரியவர்கள் வருவார்கள், வாயசைவைப் பார்த்துத்தான் எந்த மாத்திரை காலையில், எது ராத்திரி என்று புரிந்துகொள்வார்கள் என்றாராம். நியாயமான பேச்சுதான். சனிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மீராள் சவூதியில், தமாமில் இருக்கும் புருஷனிடம் கேட்டாள். உம்மா சம்மதித்தால் சரி என்றான் அவன். உம்மா, அதாவது மீராளின் மாமியார் மைமூன் மாமி, "ஆலிமா சரின்னு சொன்னா எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள். நான் ஒருநாளும் சரியென்று சொல்ல மாட்டேன் என்பதில் மாமிக்கு அவ்வளவு நம்பிக்கை. சம்மதம் இப்படித் தமாமிலிருந்து பந்து மாதிரி உருண்டு வந்து என் வாசலில் கிடந்தது. எனக்கு மட்டும் அது தெரியாது. மீராள் என்னிடம் வரவே இல்லை. பயந்தாளாம்.

இந்த நிலையில்தான் திருவேங்கடம் ரோட்டு மண்டபத்தில் ஒரு கல்யாணம் வந்தது.

பெண்கள் பக்கம் எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வந்ததும் ஓரத்து அறையில் பர்தாவைக் கழற்றி அங்கே கிடக்கும் கட்டிலில் போட்டுவிடுவோம். கொஞ்ச நேரத்தில் கட்டிலில் கறுப்பாக ஒரு மலை. பட்டும் நகையுமாக உள்ளே போய்ச் சாப்பிட்டு, பெண்ணைப் பார்த்து, நாலு பேரை விமர்சனம் செய்துவிட்டுத் திரும்பி வந்து, அந்த மலைக்குள் கையைவிட்டு அவரவர் பர்தாவைத் தேட வேண்டும். நான் என்னுடையதைக் கண்ணை மூடிக்கொண்டே எடுத்துவிடுவேன். கல் கிடையாது, லேஸ் கிடையாது, தடவினால் வெறும் துணி.

அன்றைக்கு நான் பெண் வீட்டாரோடு பேசிவிட்டு வரக் கொஞ்சம் நேரமாகிவிட்டது. கொஞ்சம் என்று நான் சொல்கிறேன். அறைக்கு வந்து பார்த்தால் கட்டிலில் ஒரே ஒரு பர்தா கிடக்கிறது, உள்பக்கம் வெளியே தெரியும்படி. புரட்டினேன். முதுகில் பட்டாம்பூச்சி.

நடுவில் கொஞ்ச நேரம் கரண்ட் போயிருந்தது, அப்போது நடந்திருக்கிறது. கல் உரசிவிடக் கூடாதென்று ரிஸ்மியா பர்தாவை எப்போதும் உள்வெளியாகப் புரட்டித்தான் போடுவாளாம். இருட்டில் வெறும் துணி தட்டுப்பட்டதும் தன்னுடையதுதான் என்று என்னுடையதை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டாள். முகத்தை மூடும் நிகாப் அவரவர் கைப்பையில்தான் இருக்கும், அதனால் முகத்தில் மாட்டும்போதும் சந்தேகம் வரவில்லை. உயரத்தில் நாங்கள் இருவரும் ஒன்று. அகலத்தில் எனக்குக் கொஞ்சம் தாராளம். அந்தப் பர்தாவை நான் எப்படி மாட்டினேன் என்பது எனக்கும் படைத்தவனுக்கும் தெரியும். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, நிகாபைக் கட்டிக்கொண்டு, பட்டாம்பூச்சியைச் சுமந்துகொண்டு தெருவில் இறங்கினேன்.

முகம் மூடிய எங்களை ஊர் எப்படி அடையாளம் காண்கிறது? பர்தாவை வைத்துத்தான். ஆகவே நான் அன்றைக்கு ரிஸ்மியா. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜூஸ் கடை மாரிசெல்வம் தூரத்திலேயே, "யக்கா, ரோஸ்மில்க்குதானே, சீனி கம்மியா?" என்றான். இல்லையென்று சொல்ல வாய் திறந்தால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். கையில் திணித்துவிட்டான். நிகாபுக்கு அடியில் ஸ்ட்ராவை விட்டுக் குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. பூக்கட்டிக்கொண்டிருந்த வள்ளித்தாய், "என்ன தாயி, மாப்பிள்ளை போன் பண்ணுனாவளா? எப்ப வாராக?" என்று கேட்டாள். தெருப்பிள்ளைகள், "பட்டாம்பூச்சியக்கா" என்று கூடவே ஓடிவந்தன. இத்தனை வருஷமாக அதே தெருவில் நடக்கிறேன், என்னைக் கண்டால் எல்லோரும் மரியாதையாக ஒதுங்கி வழிவிடுவார்கள். ஒரு ஆள் ரோஸ்மில்க் கொடுத்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்தால் கடை வாசலில் பாதுஷா. வேற்றுப் பெண் என்று நினைத்து எழுந்து நின்றார், பார்வையைத் தரையில் போட்டார்.

"ஆலிமா இல்லம்மா, கல்யாணத்துக்குப் போயிருக்கா. இப்பம் வந்துருவா, உக்காருங்க" என்றார்.

நான் பேசாமல் நின்றேன். என்னதான் சொல்கிறார் என்று பார்ப்போமே.

"ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுக்காதீங்க. அவ வந்ததும் நீங்க வந்த விஷயத்த முதல்லயே சொல்லிருங்க. அவ ஆரம்பிச்சிட்டான்னா, எதுக்கு வந்தோம்னு உங்களுக்கே மறந்துரும்."

எனக்குக் காது சுட்டது.

"நல்லவதான். மனசுல ஒரு கள்ளம் கிடையாது. அடுத்தாள பேச விடமாட்டா, அம்புட்டுதான்" என்றார் தரையைப் பார்த்தபடியே.

நிகாபை வெடுக்கென்று தூக்கினேன். மனிதர் பதறவே இல்லை. "செருப்பு நான் எடுத்துத் தந்தது ஜைத்தூனு. எனக்குத் தெரியாதா?" என்றார். "பட்டாம்பூச்சிதான் யாரோடதுன்னு தெரியல."

அன்று ராத்திரி சோறு பரிமாறும்போது அவரோடு நான் பேசவில்லை. அவர் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் மைமூன் மாமி வந்து இறங்கினாள். சலாம் சொன்ன மூச்சிலேயே, "ஏட்டி ஜைத்தூனு, நீ எப்ப இருந்து தலையாட்ட ஆரம்பிச்ச? வாயி என்னாச்சு?" என்றாள்.

"என்ன மாமி சொல்லுதீங்க?"

"நேத்து ஆட்டோவுல என் மருமவ கேட்டாளாம். நீ ஒரு வார்த்தை பேசாம தலைய ஆட்டுனியாம், கையப் பிடிச்சு அமுக்குனியாம். மூஞ்சியத் தொறந்துக்கிட்டு மருந்து விக்கலாம்னு ஆலிமா சொல்லிட்டாங்கன்னு வீட்டுல வந்து குதிக்கா. நீயா சொன்ன?"

எனக்குக் காரியம் விளங்க ஒரு நிமிஷம் ஆனது. என் பர்தா, ஷேர் ஆட்டோ, பக்கத்தில் மீராள். நான் இல்லை என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. ஆனால் வீட்டில் குதிக்கிறாள் என்று மாமி சொன்னாளே, அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெண் குதித்து யாரும் பார்த்ததில்லை. மேலே பயானுக்கு வந்தால் சுவரோடு சுவராக உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

"வெள்ளிக்கிழமை பயான்ல சொல்லுதேன் மாமி" என்றேன்.

"ஆமாவா இல்லையான்னு சொல்ல வெள்ளிக்கிழமை எதுக்கு?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனாள் மாமி.

மத்தியானம் ரிஸ்மியா என் பர்தாவைத் துவைத்து, இஸ்திரி போட்டு, பையில் வைத்துக்கொண்டு வந்தாள். வாசலிலேயே அழுதுவிட்டாள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பிறகு திட்டலாம் என்று முடிவுசெய்தேன்.

"என்னத்தட்டி செஞ்சுவச்ச?"

"ஆட்டோவுல ஏறி உக்காந்த பொறவுதான் கையப் பாத்தேன், கல்லக் காணோம். அதுக்குள்ள மீரா பக்கத்துல வந்துட்டா. ஆலிமாக்கான்னு ஆரம்பிச்சா. பேசுனா என் குரலு தெரிஞ்சுருமேன்னு சும்மா இருந்தேன். நான் சும்மா இருக்க இருக்க அவ பேசிட்டே வாரா. நீங்க இப்படிப் பேசாம கேட்டதே இல்லையாம், அதனாலதான் அவளுக்குத் தைரியம் வந்துச்சாம்."

இவளுமா.

"கடைசியில அழுதுட்டாக்கா. நான் என்ன செய்யட்டும்? கையப் பிடிச்சேன். தலைய ஆட்டினேன். அவ முகத்தப் பாத்திருந்தா நீங்களும் ஆட்டியிருப்பீங்க."

"அவதான் நிகாப் போட்டிருந்தாளே, முகத்த எங்கன பாத்த?"

"கண்ணு தெரியும்லாக்கா" என்றாள்.

"எல்லாரு முன்னாலயும் ஆமான்னு சொல்லிருங்களேன்" என்று கெஞ்சினாள். பயானில் உட்கார்ந்து பொய் சொல்லச் சொல்கிறாயா என்று கத்தினேன். பட்டாம்பூச்சியை எடுத்துக்கொண்டு ஓடிப்போனாள்.

வெள்ளிக்கிழமை வரை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மார்க்கக் கிதாபைப் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவையே இல்லை, எனக்குத் தெரியும். முகத்தையும் முன்கையையும், அதாவது மணிக்கட்டு வரையிலான கையையும், பெண் மறைத்தே ஆக வேண்டும் என்று சொன்ன இமாம்கள் உண்டு. அவை திறந்திருக்கலாம் என்று சொன்ன இமாம்களும் உண்டு, அவர்களும் சின்ன ஆட்கள் இல்லை. நான் முகத்தை மூடுவது என் விருப்பம். அதில் எனக்கு ஒரு அமைதி இருக்கிறது, யார் சொன்னாலும் விட மாட்டேன். ஆனால் இந்த இரண்டாவது பேச்சு இருக்கிறது என்பதை நான் மாடியில் ஒருநாளும் சொன்னதில்லை. கண்டிப்பாகப் பேசினால் பெண்கள் கண் விரியக் கேட்கிறார்கள். தளர்த்திச் சொன்னால் ஆலிமாவே இப்படியா என்பார்கள். அந்தப் பயம்தான் எனக்கு, வேறொன்றும் இல்லை.

வெள்ளிக்கிழமை மாடியில் உட்கார இடமில்லை. பயானுக்கு இவ்வளவு கூட்டம் நான் பார்த்ததில்லை, எல்லாம் தலையாட்டலைப் பற்றிக் கேட்க வந்த கூட்டம். பெண்கள் மட்டும் என்பதால் எல்லோரும் நிகாபைக் கழற்றியிருந்தார்கள். மைமூன் மாமி முதல் வரிசையில், பக்கத்தில் மீராள். நல்ல உருண்டை முகம், மேலுதட்டில் வியர்வை. நாளை சனிக்கிழமை.

நான் ஓதி முடிக்கும் முன்பே மாமி எழுந்துவிட்டாள். "எல்லாரு முன்னாலயும் சொல்லு ஜைத்தூனு. நீ தலையாட்டுனியா, இல்லையா?"

"இல்ல மாமி. அது நான் இல்ல" என்றேன்.

மாமி மருமகளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, மீராள் அப்படியே சுருங்கிப்போனாள். அவள் பொய் சொன்னதாகவே எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அதற்குள் பின்வரிசையில் பட்டாம்பூச்சி எழுந்தது.

"நான்தான்" என்றாள் ரிஸ்மியா. "கல்யாண வீட்டுல பர்தா மாறிப்போச்சு. மீரா மேல ஒரு தப்பும் இல்ல. ஆலிமாக்கான்னு நெனச்சுத்தான் கேட்டா."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். உடனே பத்துப் பேர் பேசத் தொடங்கினார்கள். "அப்பம் அன்னைக்கு ரோட்டுல ரோஸ்மில்க் குடிச்சுக்கிட்டு நின்னது யாரு?" என்று ஒருத்தி கேட்க, மாடி முழுக்கச் சிரிப்பு. நான் தொண்டையைச் செருமினேன். யாரும் அடங்கவில்லை. மைமூன் மாமி மட்டும் சிரிக்கவில்லை. "அப்பம் ஆலிமா சம்மதிக்கல. விஷயம் முடிஞ்சுது" என்று மருமகளின் கையைப் பிடித்து எழுப்பினாள்.

"இருங்க மாமி" என்றேன். "மீரா, அன்னைக்கு நீ கேட்டத இப்ப என்கிட்ட கேளு. நான் மார்க்கப்படி பதில் சொல்லுதேன்."

மீராள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் மார்க்கம் கேக்கலக்கா" என்றாள்.

"பின்ன?"

"கூடுமா கூடாதான்னு நானும் படிச்சிருக்கேன். ரெண்டு பக்கமும் பேச்சு இருக்கு. எனக்குப் பயமா இருந்துச்சு. அஞ்சு வருசமா வெளியில மூடுன முகம். நாலு பேரு முன்னால நிக்க முடியுமா, படிச்சதெல்லாம் ஞாபகம் இருக்குமா, அல்லாஹ் என்னைக் கோவிச்சுக்குவானா, எல்லாத்தையும் யாருட்டயாவது சொல்லணும்னு இருந்துச்சு. சொன்னேன். கையப் பிடிச்சாங்க. இவங்கன்னு தெரியாது." ரிஸ்மியாவைப் பார்த்தாள். "தெரிஞ்சிருந்தாலும் சொல்லியிருப்பேன்."

நான் படித்ததெல்லாம் அந்த நேரத்தில் எனக்கு ஒன்றுக்கும் உதவவில்லை. அந்த ஆட்டோவில் நானே இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். பாதியிலேயே மறித்திருப்பேன். பொறுமையாக இரு என்று ஆரம்பித்து, அவள் இறங்குகிற இடம் வந்த பிறகும் பேசிக்கொண்டிருந்திருப்பேன். அந்தக் கண்ணை நான் பார்த்திருக்கவே மாட்டேன். வெட்கமாக இருந்தது எனக்கு.

"மாமி" என்றேன். "உங்க மருமவ போகலாம். முகமும் முன்கையும் தெரியலாம்னு சொன்ன பெரிய இமாம்கள் இருக்காங்க. நான் மூடுதேன், மூடுறது என் பிரியம். மூடாதவள பாவின்னு சொல்ல எனக்கு அனுமதி இல்ல. இது நான் சொல்லுதது. என் வாயால."

மாமி கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

"இப்படி ஒரு பேச்சு இருக்குன்னா, இத்தன வருசமா ஏன் நீ சொல்லல?"

"யாரும் கேக்கல மாமி."

"நீ எங்கட்டி கேக்க விட்ட?"

இந்த முறை சிரிப்புச் சத்தம் கீழே கடைவரை போயிருக்க வேண்டும். மீராளும் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். மாமி கையமர்த்தினாள்.

"பொறு, நான் அவட்ட ஒண்ணு கேக்கணும்" என்று மருமகள் பக்கம் திரும்பினாள். "நாளைக்கு எத்தன மணிக்குப் போணும்? சோறு கட்டணும்லா?"